இரண்டு பேருக்கு ஒரு வீடு

கோர்சகோவ்
14 மார்ச் 1999

மதிப்பிற்குரிய கூ தால்சு அவர்களுக்கு,

முன்பின் தெரியாத பெண் எழுதுகிறேன். மகாரோவில் பனி இன்னும் இடுப்பளவு கிடக்கும். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? எனக்கு முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சொன்ன பேச்சைக் கேட்கிறது.

என் பெயர் போங் இம்சுன். கோர்சகோவ் சந்தையில் பெரணிக் கீரை, கடற்பாசி, காரம் பிசைந்த காரட் எல்லாம் விற்கிறேன். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. கணவர் துறைமுகத்தில் வேலை பார்த்தவர், போய்ப் பல வருடமாகிறது. ஒரே மகன் ஜெனா. கல்யாணமாகி, பிள்ளையும் இருக்கிறது.

கொரியர் சங்கச் செயலாளர் வேரா உங்களிடம் விஷயத்தைச் சொல்லியிருப்பாள். விதி உங்களுக்கும் தெரிந்ததுதான். ஜப்பானிடமிருந்து கொரியா விடுதலையான 1945க்கு முன்னால் பிறந்த நம்மைப் போன்றவர்கள் கொரியா போய்க் குடியேறலாம். பிள்ளைகள் வரக்கூடாது. சியோல் பக்கத்தில் கட்டுகிற வீடு இரண்டு பேருக்கு ஒன்று, தனி ஆளுக்குக் கிடையாது. நான் யோசித்து முடிப்பதற்குள் இங்கே இருந்த விதவைகளெல்லாம் ஒருத்திக்கு ஒருத்தி துணை தேடிக்கொண்டார்கள். வேரா என் கடைக்கு வந்து சொன்னாள்:

"அக்கா, பொம்பளைங்க எல்லாம் ஜோடி சேர்ந்தாச்சு. மிச்சம் மகாரோவ்ல ஒரு பெரியவர்தான். ஆம்பளையும் பொம்பளையுமா போகணும்னா கல்யாணம் பதிஞ்சாகணும்."

"இந்த வயசுலயா?"

"காகிதத்துல மட்டும்தான். பயப்படாதீங்க, அவருக்குக் காது கூடச் சரியா கேக்காது."

என் நிபந்தனைகளை முதலிலேயே எழுதிவிடுகிறேன். உங்களுக்கு ஒரு அறை, எனக்கு ஒரு அறை. சமையல் நான், பாத்திரம் நீங்கள். வீட்டுக்குள் புகை பிடிக்கக்கூடாது. குறட்டை விடுவீர்களா என்பதையும் மறைக்காமல் எழுதவும்.

நான் ஏன் போக நினைக்கிறேன் என்று கேட்பீர்கள். இந்தச் சாகலின் தீவிலேயே பிறந்தவள் நான். அந்த நாட்டைக் கண்ணால் பார்த்ததில்லை. பக்கத்து வீட்டுக்காரி போய் வந்து ஒளிநாடா கொண்டுவந்தாள். மின்சாரம் இருக்கும்போதெல்லாம் போட்டுப் பார்க்கிறேன். குழாயைத் திறந்தால் எந்நேரமும் வெந்நீர். ஏறுகிறவர்களுக்கெல்லாம் பேருந்து ஓட்டுநர் வணக்கம் சொல்கிறார். தெருவில் போகிற எல்லார் முகமும் என் முகம் மாதிரி இருக்கிறது. அங்கே சந்தையில் யாரும் என்னை "ஏய் கொரியாக்காரி" என்று கூப்பிட மாட்டார்கள். இதைவிட ஒரு நாட்டை விரும்ப வேறு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை.

அங்கே உங்களுக்கு யாராவது இருக்கிறார்களா? பதில் எழுதுங்கள்.

இம்சுன்


மகாரோவ்
2 ஏப்ரல் 1999

போங் இம்சுன் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. குளிர்காலம் போனதும் என் இருமலும் போகும். உங்கள் முழங்காலுக்குக் கரடிக் கொழுப்பு தடவிப் பாருங்கள்.

நிபந்தனைகள் சம்மதம். காகித ஆலையில் வேலை பார்த்த காலத்தில் கப்பற்படைச் சமையல்காரனை விட அதிகப் பாத்திரம் தேய்த்திருக்கிறேன். புகை விட்டாயிற்று. குறட்டை உண்டா என்று சொல்ல வீட்டில் ஆளில்லை. என்னோடு இருந்தவள் இறந்து ரொம்ப நாளாகிறது. பிள்ளைகள் இல்லை.

நீங்கள் சொல்லும் நாடு எனக்குத் தெரியாது. நான் பிறந்த கொரியா வேறு நாடு. பத்தொன்பது வயதில் கிராமத்து வாசலில் ஜப்பான்காரர்களின் லாரி வந்து நின்றது, இந்தத் தீவில் வேலை என்று ஏறச் சொன்னார்கள். அதற்கு முந்தின வருடம் நாங்கள் சாப்பிட்டது எண்ணெய் எடுத்துப்போட்ட சோயாப் புண்ணாக்கு. வெந்நீர் வேண்டுமென்றால் விறகு பொறுக்க வேண்டும். அதனால் விரும்பிப் போகிறேன் என்று பொய் எழுத மாட்டேன். ஆலை மூடிய பிறகு இந்தக் கட்டடத்தில் வெப்பக்குழாய் வேலை செய்வதில்லை. இன்னொரு குளிர்காலம் எனக்கு ஆகாது. அவ்வளவுதான் காரணம்.

அப்பா அம்மா போய்விட்டார்கள். தம்பி ஒருவன் இருந்தான், அவனும் இல்லை என்று கேள்வி.

கூ தால்சு


கோர்சகோவ்
21 ஏப்ரல் 1999

மதிப்பிற்குரிய தால்சு அவர்களுக்கு,

இருமல் எப்படி? கரடிக் கொழுப்பு தடவினேன், வலி அப்படியே இருக்கிறது, பேரப்பிள்ளை மட்டும் என் பக்கத்தில் வருவதில்லை.

உங்களை என்னவென்று அழைப்பது என்றே தெரியவில்லை. தாத்தா என்றால் என் வயதும் சேர்ந்து கூடிவிடும். அண்ணா என்றால் காகிதத்தில்கூடக் கல்யாணம் செய்ய முடியாது. இப்போதைக்குப் பெயரே இருக்கட்டும்.

நான் கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் எழுதினீர்கள். அங்கே யாராவது இருக்கிறார்களா என்பதற்கு, இல்லாதவர்களை மட்டும் எழுதியிருக்கிறீர்கள். சந்தையில் இருப்பவள் நான், எடை குறைந்தால் கையிலேயே தெரிந்துவிடும்.

இங்கே வீட்டில் பேச்சு சரியில்லை. ஜெனாவிடம் சொல்லிவிட்டேன்.

"போம்மா. இங்க என்ன இருக்கு?" என்றான். உடனே சொன்னான். ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம்.

"நீ வர முடியாதுடா. உனக்கு இடமில்லை."

"எனக்கு எதுக்கு? எனக்குக் கொரிய மொழியில சோறு கேக்கக்கூடத் தெரியாது. நீ அங்க நல்லா இரு. நாங்க ஒரு தடவை வந்து பாத்துட்டுப் போறோம்."

"விமான டிக்கெட் என்ன விலைன்னு தெரியுமா?"

அவன் தேநீரில் சர்க்கரையைக் கலக்கினான். மருமகள் லீதா மட்டும் அடுப்படியில் நின்று அழுதாள். அது எனக்காகவா, இல்லை அடுத்த வருடம் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லையே என்றா, தெரியவில்லை. நல்ல பெண்தான், குறை சொல்லவில்லை.

அவன் போகாதே என்று சொல்லியிருந்தால் சண்டை போட்டாவது போயிருப்பேன். போ என்று சொன்ன பிறகு கால் எழவில்லை. நான் செய்வது சரியா? உங்களுக்குப் பிள்ளை இல்லை, அதனால் ஒருபக்கம் சாயாமல் சொல்வீர்கள் என்று கேட்கிறேன்.

இம்சுன்


மகாரோவ்
9 ஜூன் 1999

இம்சுன் அவர்களுக்கு,

தாமதத்துக்கு மன்னிக்கவும். உடம்புக்கு ஒன்றுமில்லை. என்ன எழுதுவது என்று தெரியாமல் இருந்தேன். நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

ஒருத்தி இருந்தாள். லாரி வருவதற்கு ஐந்து மாதம் முன்னால் எங்களுக்குக் கல்யாணம் செய்துவைத்தார்கள். எழுபதுகளில் ஜப்பான் வழியாகத் தம்பியிடமிருந்து ஒரே ஒரு கடிதம் வந்தது. அவள் வேறு வீட்டுக்கு வாழப் போய்விட்டாள் என்று எழுதியிருந்தான். நல்லது என்று நினைத்துக்கொண்டேன். அதனால் அங்கே யாரும் இல்லை. எடை இப்போது சரியாக இருக்கும்.

போவது சரியா என்று கேட்டிருந்தீர்கள். என்னை யாரும் கேட்டதில்லை, ஏற்றினார்கள், வந்தேன். உங்களைக் கேட்கிறார்கள். அதுவே பெரிய விஷயம். பிள்ளை போ என்று சொன்னது பாசமில்லாமல் அல்ல. நீங்கள் மின்சாரம் இல்லாத இருட்டில் ஒளிநாடா பார்க்க முடியாமல் உட்கார்ந்திருப்பதை அவன் பார்த்திருப்பான்.

பதிவுக்கு எப்போது வரவேண்டும் என்று எழுதவும். கோட்டு ஒன்று இருக்கிறது.

தால்சு


கோர்சகோவ்
16 ஆகஸ்ட் 1999

தால்சு அவர்களுக்கு,

ஊர் போய்ச் சேர்ந்தீர்களா? ரயிலில் கதவோரம் உட்காராதீர்கள் என்று சொல்ல மறந்துவிட்டேன்.

பதிவு அலுவலகத்தை நினைத்தால் இன்னும் சிரிப்பு வருகிறது. அந்தப் பெண் அதிகாரி கையெழுத்தை வாங்கிக்கொண்டு, "மாப்பிள்ளை பொண்ணுக்கு முத்தம் குடுக்கலாம்" என்று சொன்னதும் நீங்கள் எழுந்து நின்று எனக்குக் கை கொடுத்தீர்களே. ஆலையில் பதவி உயர்வு கிடைத்தவருக்குக் கொடுப்பது போல இருந்தது. அவள், "ஐயோ பாவம், வெக்கப்படறாரு" என்றாள். நீங்கள் காது கேட்காதது போல நின்றீர்கள். வேரா சொன்னது பொய். உங்களுக்கு நன்றாகவே காது கேட்கிறது.

கொடுத்துவிட்டுப் போன புகை போட்ட மீன் நன்றாக இருந்தது. உப்புதான் ஒரு பிடி அதிகம். அங்கே போன பிறகு மீன் என் பொறுப்பு.

வீட்டை ஜெனா பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். பிப்ரவரியில் போகிறவர்கள் பட்டியல் வருவதற்குள் ஏன் அவசரம் என்று வேரா திட்டினாள். அவர்கள் வாடகை வீட்டில் பூஞ்சை பிடித்த சுவரோடு கிடக்கிறார்கள். பிப்ரவரியில் போகப்போகிறவளுக்கு இரண்டு அறை எதற்கு? போன வாரமே குடிவந்துவிட்டார்கள். வீடு நிறைந்து கலகலவென்று இருக்கிறது. எனக்கு அடுப்படியில் கட்டில் போட்டுக்கொண்டேன், வெதுவெதுப்பாக இருக்கிறது.

பயமாகவும் இருக்கிறது. அந்த நாட்டுக்காரர்களுக்கு நாம் பேசும் மொழி பழசாகத் தெரியும் என்கிறார்கள். நீங்கள் பக்கத்தில் இருந்தால் இருவரும் சேர்ந்து பழசாக இருக்கலாம்.

இம்சுன்


மகாரோவ்
30 செப்டம்பர் 1999

இம்சுன் அவர்களுக்கு,

நலம். அலுவலகத்தில் நின்ற பிறகு கட்டடத்துக் கிழவிகள் என்னைப் "புது மாப்பிள்ளை" என்று கூப்பிடுகிறார்கள். ஒருத்தி சவரம் செய்துகொள்ளச் சொன்னாள். செய்துகொண்டேன்.

கடைத்தெருவில் ஒரு வாணலி பார்த்தேன், கனமான இரும்பு. அங்கே கிடைக்குமோ கிடைக்காதோ என்று வாங்கி வைத்திருக்கிறேன். விமானத்தில் எடை போடுவார்கள் என்றால் என் துணிகளைக் குறைத்துக்கொள்கிறேன், எனக்கு அதிகம் இல்லை.

நீங்கள் சொன்ன ஒளிநாடாவை இங்கே ஒருவர் வீட்டில் பார்த்தேன். அந்த ஊர் எனக்கு அடையாளமே தெரியவில்லை. ஆனாலும் ஒரு கிழவர் பூங்காவில் பெஞ்சில் உட்கார்ந்து சதுரங்கம் ஆடினார், யாரும் அவரை விரட்டவில்லை. அதைத் திரும்பத் திரும்பப் போடச் சொன்னேன். வீட்டுக்காரன் எரிச்சலாகிவிட்டான்.

நாம் போன பிறகு பக்கத்தில் பூங்கா இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

தால்சு


கோர்சகோவ்
28 நவம்பர் 1999

தால்சு அவர்களுக்கு,

உடம்பு சுகமா? இரண்டு கடிதம் போட்டேன், பதில் இல்லை. இருமல் முற்றிவிட்டதோ என்று பயமாக இருக்கிறது.

பட்டியல் வந்துவிட்டது. நம் பெயர்கள் இல்லை. வேராவைப் போய்க் கேட்டேன்.

"உங்க மேல ஒண்ணும் இல்லக்கா. கொரியாவுல அவரோட ஊர் அலுவலகத்துல குடும்பப் பதிவேட்டைக் கேட்டிருக்காங்க. ஏதோ நிக்குது."

"என்ன நிக்குது?"

"அவரையே கேளுங்க. அவருக்கு எழுதிட்டாங்க."

உங்களுக்கு எழுதிவிட்டார்களாம். நீங்கள் எனக்கு எழுதவில்லை. எதுவாக இருந்தாலும் தெரிந்துகொள்ள எனக்கு உரிமை உண்டு. காகிதத்தில் நான்தானே மனைவி.

இம்சுன்


மகாரோவ்
12 டிசம்பர் 1999

இம்சுன் அவர்களுக்கு,

உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது.

பதிவேட்டில் எனக்கு மனைவி இருக்கிறாள். ஓ ஒக்புன். உயிரோடு இருக்கிறாள், அதே வீட்டில். எந்த வீட்டுக்கும் வாழப் போகவில்லை. என் அப்பாவையும் அம்மாவையும் கடைசிவரை பார்த்துக்கொண்டு, நிலத்தையும் பார்த்துக்கொண்டு அங்கேயே இருந்திருக்கிறாள். அவள் சொல்லித்தான் தம்பி அப்படி எழுதியிருக்கிறான். அலுவலகத்துக்காரர்கள் போய் விசாரித்தபோது அவளே சொன்னாளாம்.

மனைவி இருக்கும்போது இன்னொரு பெண்ணோடு வீடு தர முடியாது என்று எழுதியிருக்கிறார்கள். மனைவியிடம் போவதானால் தடை இல்லையாம். அவள் வரச்சொல்லி, அந்த ஊர் வழக்கப்படி கைரேகை வைத்திருக்கிறாள்.

நான் போகப்போவதில்லை. அந்தப் பெண்ணின் முகம் எனக்கு நினைவில்லை. சொன்னால் நம்ப மாட்டீர்கள், ஆனால் நினைவில்லை. எந்த முகத்தோடு போய் அந்த வாசலில் நிற்பது? நம் பதிவை ரத்து செய்துவிட்டு உங்களுக்கு வேறு துணை பார்க்கச் சொல்லி வேராவுக்கு எழுதுகிறேன். என்னால் உங்கள் பயணம் கெட்டது. வீட்டையும் எழுதிக் கொடுத்துவிட்டீர்கள்.

மன்னிப்பு என்று எழுதினால் சிறியதாக இருக்கிறது.

தால்சு


கோர்சகோவ்
5 ஜனவரி 2000

தால்சு அவர்களுக்கு,

புது வருடத்தில் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் கோபம்தான் வந்தது. உங்கள் மேல், வேரா மேல், அந்த அம்மா மேலும். அவள் ஏன் வேறு வீட்டுக்குப் போகவில்லை என்று சந்தையில் நின்று வாய்விட்டே திட்டினேன். காரட் வாங்க வந்தவள் பயந்துபோய் நகர்ந்தாள். பிறகு வெட்கமாக இருந்தது.

நீங்கள் போக வேண்டும். முகம் நினைவில்லை என்பதெல்லாம் ஒரு காரணமா? அவளுக்கும் உங்கள் முகம் நினைவிருக்காது, கிழவனாகிவிட்டீர்கள். அவள் வரச்சொல்லி விரலை மையில் தோய்த்து வைத்திருக்கிறாள். அதற்கு மேல் ஒருத்தி எப்படிக் கேட்பாள்? அந்தக் கட்டடத்தில் குளிரில் இருமிக்கொண்டு கிடந்து யாருக்கு நியாயம் செய்யப்போகிறீர்கள்?

என்னைப் பற்றிக் கவலை வேண்டாம். நெவெல்ஸ்க் ஊரில் ஒரு விதவை, அவளோடு போக இருந்தவள் இறந்துவிட்டாள். வேரா என்னைச் சேர்த்துவிட்டாள். பெண்ணோடு போவதுதான் எனக்கும் வசதி, பாத்திரம் ஒழுங்காகத் தேய்ப்பாள். பிப்ரவரியில் நானும் போய்விடுவேன்.

இருபத்தைந்தாம் தேதி பதிவு அலுவலகத்துக்கு வாருங்கள், ரத்து செய்துவிடலாம். வாணலியை எனக்காகக் கொண்டுவர வேண்டாம். அவளுக்குக் கொடுங்கள்.

இம்சுன்


யோங்யாங்
7 மே 2000

இம்சுன் அவர்களுக்கு,

நலமாக இருக்கிறீர்களா? எங்கே இருக்கிறீர்கள்? எந்த முகவரிக்கு எழுதுவது என்று தெரியாமல் பழைய முகவரிக்கே எழுதுகிறேன்.

நான் பிறந்த ஊருக்கு வந்து சேர்ந்துவிட்டேன். மலையடிவாரம், மிளகாய்த் தோட்டங்கள். வெந்நீர் வருகிறது, நீங்கள் சொன்னது உண்மைதான். வந்த அன்று ஊரே கூடியிருந்தது. தொலைக்காட்சிக்காரர்கள்கூட வந்திருந்தார்கள், அவளை அழச் சொன்னார்கள். அவள் அழவில்லை. எல்லாரும் போன பிறகு கேட்டாள்:

"நல்லா இருந்தீங்களா?"

"இருந்தேன்."

"அங்க கட்டிக்கிட்டீங்களா?"

"கட்டிக்கிட்டேன். செத்துட்டா."

"நல்லவளா?"

"நல்லவதான்."

"சரி, சாப்பிடுங்க" என்றாள். அவ்வளவுதான் பேச்சு. எனக்குத் தனியாகச் சாப்பாட்டு மேசை போட்டு வைத்துவிட்டு அவள் அடுப்படியில் சாப்பிடுகிறாள். சேர்ந்து சாப்பிடலாம் என்றேன். "பழக்கமில்ல" என்றாள். எனக்குத் தரையில் உட்கார்ந்தால் எழ முடியவில்லை. இரவில் கதவைப் பூட்டிவிட்டுப் பார்த்தால், பூட்டவே தேவையில்லை என்று திறந்து வைக்கிறாள். குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஒரு விருந்தாளியை எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டுமோ அதைவிட நன்றாகவே பார்த்துக்கொள்கிறாள்.

போன வாரம் பேருந்து பிடித்து சியோல் பக்கத்துக் குடியிருப்புக்குப் போனேன். உங்களைத் தேடித்தான். சாகலின் கிழவர்கள் எல்லாரும் பெஞ்சில் உட்கார்ந்து ரஷ்ய மொழியில் சண்டை போடுகிறார்கள். பூங்கா இருக்கிறது. கட்டடம் கட்டடமாகக் கேட்டேன். நெவெல்ஸ்க் விதவையும் இருக்கிறாள். அவளோடு போக இருந்தவள் சாகவில்லை, அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து பூசணி விதை கொறித்துக்கொண்டிருந்தாள். போங் இம்சுன் என்று யாரும் வரவில்லை என்றார்கள்.

ரத்து செய்த அன்று அதிகாரி, "அதுக்குள்ள சண்டையா?" என்று கேட்டபோது நீங்கள் சிரித்தீர்கள். ரயில் நிலையத்தில் நெவெல்ஸ்க் பெண்ணைப் பற்றிச் சொன்னபோது மட்டும் என் முகத்தைப் பார்க்கவில்லை. அப்போதே கேட்டிருக்க வேண்டும். கேட்டால் நான் போக மாட்டேன் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் கேட்கவில்லையோ என்னவோ.

எழுதுங்கள்.

தால்சு


கோர்சகோவ்
18 ஜூன் 2000

தால்சு அவர்களுக்கு,

எனக்கு ஒரு குறையும் இல்லை. முழங்காலும் பரவாயில்லை. இது பெரணி சீசன், காட்டுக்குப் போக, பறிக்க, வேகவைக்க நேரம் சரியாக இருக்கிறது. இதைக்கூடச் சந்தையில் கடைப்பலகை மேல் வைத்துத்தான் எழுதுகிறேன். வீட்டில் மேசை பேரப்பிள்ளைக்கு.

இனி எனக்கு எழுத வேண்டாம். இது கோபமில்லை. அந்த அம்மா அத்தனை வருடம் கடிதமே வராத வீட்டில் இருந்தவள். இப்போது தபால்காரன் வந்து, இன்னொரு பெண் அவள் புருஷனுக்கு எழுதியதைக் கொடுத்துவிட்டுப் போவது நன்றாக இல்லை.

அடுப்படிக்குப் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். தரையில் உட்கார முடியாவிட்டால் ஒரு முக்காலி போட்டுக்கொள்ளுங்கள். பழக்கம் வரும்.

இம்சுன்


யோங்யாங்
3 செப்டம்பர் 2000

போங் இம்சுன் அவர்களுக்கு,

என் பெயர் ஓ ஒக்புன். உங்கள் ஊரில் இதற்குள் குளிர் தொடங்கியிருக்கும், உடம்பைப் பார்த்துக்கொள்ளவும். எழுத்து எனக்கு வயதான பிறகு, முதியோர் வகுப்பில்தான் வந்தது. தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

அவர் ஆகஸ்ட் கடைசியில் இறந்துவிட்டார். நெஞ்சுச் சளி. ஆஸ்பத்திரி வேண்டாம் என்று வீட்டிலேயே இருந்தார். மாமனார் மாமியார் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

உங்களைப் பற்றி அவரே சொன்னார். பதிந்ததும் சொன்னார், ரத்து செய்ததும் சொன்னார். எனக்குக் கோபமில்லை. லாரி வருமுன் ஐந்து மாதம், வந்த பிறகு ஒரு ஆறு மாதம், மீதி எல்லாம் நானும் காகிதத்தில்தான் மனைவி. உங்கள் கடைசிக் கடிதத்துக்குப் பிறகு முக்காலி ஒன்று செய்து அடுப்படிக்குக் கொண்டுவந்தார். அதில் உட்கார்ந்து என்னோடு சாப்பிட்டார். அதிகம் பேசமாட்டார். எனக்கும் பேசத் தெரியாது. அது உங்கள் யோசனை என்று பிறகுதான் கடிதத்தைப் படித்துத் தெரிந்துகொண்டேன்.

தம்பியை அப்படி எழுதச் சொன்னது நான்தான். போனவருக்கு அங்கே ஒரு வாழ்க்கை அமையட்டும், என்னை நினைத்துக் கட்டுப்பட்டுக் கிடக்க வேண்டாம் என்று நினைத்தேன். மாமியார் படுக்கையில் கிடந்தார், எனக்கு நாற்பதும் தாண்டிவிட்டது, நான் எங்கே போவது?

ஒரு உதவி கேட்கத்தான் எழுதுகிறேன். கடைசி நாட்களில் அவருக்குக் கொரிய மொழி போய்விட்டது. நான் பேசினால் பார்ப்பார், புரியாது. போவதற்கு முன் என் கையைப் பிடித்து, வாசல் பக்கம் காட்டி, ஒன்றையே பலமுறை சொன்னார். அன்று வெயில் தாங்கவில்லை, கதவு ஜன்னல் எல்லாம் திறந்து வைத்திருந்தேன். யாராவது வருகிறார்களோ என்று போய்ப் பார்த்தேன், வாசலில் ஒருவரும் இல்லை. எனக்கு ஏதோ சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். இந்த ஊரில் கேட்க ஆள் இல்லை. காதில் விழுந்தபடி எழுதுகிறேன்: சக்ரோய் துபேரி, துயேத்.

இதற்கு என்ன அர்த்தம்? என்னவாக இருந்தாலும் எழுதவும்.

ஒக்புன்


கோர்சகோவ்
1 அக்டோபர் 2000

அக்கா,

அப்படிக் கூப்பிடலாம் என்று நினைக்கிறேன். தனியாக இருக்கும் வீட்டில் நேரத்துக்குச் சாப்பிடுங்கள். என் உடம்பு எனக்குப் போதும்.

உங்கள் கடிதம் வந்த அன்று கடையை மூடிவிட்டு, போர் முடிந்த வருடம் கொரியா போகும் கப்பல் வருமென்று அப்பா எங்களைக் கூட்டிப்போய் நிறுத்திவைத்த துறைமுகத்து மேட்டில் போய் உட்கார்ந்து அழுதேன். அவர் எனக்கு ஒன்றும் இல்லை. காகிதத்தில்கூட ஒன்றும் இல்லை. ஆனாலும் அழுதேன், உங்களிடம் மறைப்பானேன்.

வேரா மறுபடியும் ஒரு பெயரோடு வந்தாள். அடுத்த பட்டியல் எப்போது வரும் என்று அவளுக்கே தெரியாது. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உங்கள் நாட்டின் மேல் எனக்கு வருத்தமில்லை. இன்னும் பிடிக்கிறது. அதற்காக இன்னொருவரோடு கையெழுத்துப் போட்டுவிட்டு, ரயில் நிலையத்தில் நின்று ஊர்க் கதை பேசி, பிறகு கடிதத்துக்காகக் காத்திருக்க எனக்குத் தெம்பு இல்லை.

நீங்கள் கேட்டதற்கு நல்லதாக ஏதாவது எழுதிவிடலாமா என்று யோசித்தேன். "உன்னைக் காக்க வைத்துவிட்டேன்" என்று அவர் சொன்னதாக எழுதினால் உங்களால் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் அவருக்கு நல்லது என்று நினைத்து நீங்கள் ஒரு பொய் சொன்னீர்கள், நான் ஒரு பொய் சொன்னேன். இரண்டும் போதும் அக்கா.

அது ரஷ்ய மொழி. இந்தத் தீவில் குளிர்காலம் முழுக்க எல்லா வீட்டிலும் எல்லாரும் சொல்வது. "கதவைச் சாத்து, குளிர் உள்ளே வருது." வேறு அர்த்தம் கிடையாது.

இம்சுன்